கோலாலம்பூர் வெக்கையில் பாயின்க் ஓட்டுவது எப்படி

சும்மா கிடக்கும் கணினியை அறிவியல் கணக்குகளுக்கு இரவல் கொடுக்க உதவும் இலவச மென்பொருள் பாயின்க். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் தயாரிப்பு. பழைய குறிப்புகள் வேற்றுக்கிரக உயிர்களின் சமிக்ஞையைத் தேடிய சேட்டி அட் ஹோம் திட்டத்தில் சேரச் சொல்லும். அது 2020 மார்ச்சிலேயே புது வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டது. துடிவிண்மீன் (பல்சர்) தேடும் ஐன்ஸ்டைன் அட் ஹோமில் தொடங்குங்கள்.

நிறுவும்போது ‘சர்வீஸ்’ கட்டத்தில் டிக் போடாதீர்கள். போட்டால் விண்டோஸில் கிராபிக்ஸ் கார்டு பாயின்க்குக்குக் கிடைக்காது. பிறகு ‘ஆட் புராஜெக்ட்’டில் திட்டத்தைத் தேர்ந்து, மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கொடுத்தால் வேலை இறங்கத் தொடங்கும்.

இதுவரை எல்லாம் சுலபம். நம் ஊரில் தொல்லை சூடுதான். செந்தூல் பிளாட்டில் ஏர்கான் இல்லாத அறை பகலில் 32 டிகிரியைத் தொடும். அதில் எல்லா கோர்களும் முழுமூச்சாக ஓடினால் விசிறி அலறும். ‘ஆப்ஷன்ஸ்’, ‘கம்ப்யூட்டிங் பிரிஃபரன்சஸ்’ போய் இரண்டு எண்களைப் பாருங்கள். ‘சிபியூக்களில் எத்தனை சதவீதம்’ என்பதை 50 ஆக்குங்கள். ‘சிபியூ நேரம்’ 100 ஆகவே இருக்கட்டும். பலர் இதைத் தலைகீழாக வைப்பார்கள். நேரத்தைக் குறைத்தால் சிப் சில விநாடி ஓடி, சில விநாடி நிற்கும்; விசிறியும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், தூக்கம் கெடும். அப்படியும் சிப் 85 டிகிரி தாண்டினால் முதலில் அதன் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்கின் தூசியைத் தட்டுங்கள். அடங்கவில்லை என்றால் லோ யாட் கணினி மாலில் ஒரு தெர்மல் பேஸ்ட் வாங்கி, சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே பூசுங்கள்.

அதே அமைப்பில், முன்கூட்டியே இறக்கி வைக்கும் வேலை இருப்பு 0.1 நாள், கூடுதல் 0.25 நாள் போதும். ஆசைப்பட்டு அள்ளினால் கெடு தவறும், ஓட்டியது வீண்.

விண்டோஸ் பவர் அமைப்பில் ‘ஸ்லீப்’பை ‘நெவர்’ ஆக்க மறந்தால் இரவெல்லாம் ஒன்றும் நடக்காது. திரை அணைவதில் பாதகமில்லை. இறங்கியதுமே ‘கம்ப்யூட்டேஷன் எரர்’ வரிசையாக வந்தால் ஆன்டிவைரஸைச் சந்தேகியுங்கள். சி டிரைவில் புரோகிராம்டேட்டாவுக்குள் இருக்கும் பாயின்க் கோப்புறைக்கு விலக்கு கொடுங்கள். புரோகிராம்டேட்டா மறைந்திருக்கும் கோப்புறை, ‘ஹிட்டன் ஐட்டம்ஸ்’ தட்டினால்தான் தெரியும்.

மாலை இடி கேட்டதும் பாயின்க்கிலிருந்து வெளியேறி, கணினியை அணைத்து, பிளக்கோடு ரவுட்டர் கம்பியையும் உருவிவிடுங்கள். பெரும்பாலான வேலைகள் கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்தே தொடரும்.

மின்சாரம்? கூடுதலாக 60 வாட், இரவுக்கு 8 மணி என்றால் 30 நாளில் 14.4 யூனிட். உங்கள் தெனாகா பில்லில் உள்ள விலையால் பெருக்கிப் பாருங்கள்.