காசிமேட்டு உப்பும் என் பழைய பிக்கப்பும்
காசிமேட்டுல மீனும் ஐஸும் ஏத்தின பழைய ஃபோர் வீல் டிரைவ் (நாலு சக்கரமும் இழுக்கிற) பிக்கப். வெளியில பார்த்தா சுமார்தான். ஃப்ளோர்ல ஸ்க்ரூ டிரைவரால குத்தினா, துரு அரிச்ச ஓட்டை வழியா கீழ ரோடு தெரிஞ்சுது. உப்புத்தண்ணி வடியற ஓட்டைங்கள்ல சேறு அடைச்சிருந்ததுதான் காரணம்.

முதல்ல அவசரப்பட்டு துரு மேலயே ரெட் ஆக்சைடு பிரைமர் (பெயிண்டுக்கு முன்னாடி அடிக்கிற பூச்சு) அடிச்சேன். ஒரே மழையில கொப்புளிச்சுது. அப்புறம்தான் புத்தி வந்து, கிரைண்டர்ல வயர் பிரஷ் மாட்டி இரும்பு பளிச்சுனு தெரியற வரைக்கும் தேய்ச்சேன். அரிச்ச இடத்தை வெட்டி, 16 கேஜ் (சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்) தகடு வச்சு வெல்டிங். பேட்டரி ஒயரைக் கழட்டிட்டுத்தான் இதெல்லாம். குழி குழியா இறங்கின துருவுக்கு பாஸ்போரிக் ஆசிட், கழுவிக் காய வச்சு அன்னிக்கே பிரைமர். நம்ம கடல் காத்துல ஒரு ராத்திரி விட்டாலே மஞ்சள் துரு பூத்துடும்.

ஃபோர் வீல் டிரைவ் போடற லீவர் மட்டும் அசையல. லீவரை கியரோட இணைக்கிற கம்பிங்கள்ல (லிங்கேஜ்) எண்ணெய் விட்டு ரெண்டு நாள் ஊற வச்சேன், கியர் டக்குனு விழுந்துது.