பேட்டரி வண்டியில் ஏற்காடு: இறங்கும்போது செய்யும் தவறும் வேறு சிலவும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏற்காடு அடிவாரத்தில் ஒரு டீக்கடை வாசலில் நின்றிருந்தேன். மலையிலிருந்து ஒரு பேட்டரி வண்டி இறங்கி வந்து நின்றது. ஓட்டி வந்த பையனுக்கு இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும்; பின்னால் அவனுடைய தங்கை. வண்டி நின்றதும் கருகிய வாடை அடித்தது. முன்சக்கரத்தின் டிஸ்க் நீலம் பாரித்திருந்தது. "அண்ணா, கடைசி நாலைந்து வளைவுகளில் பிரேக் பிடிக்கவே இல்லை. வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை" என்றான். டீ கிளாஸை வாங்கிய கை நடுங்கியது.

"ராத்திரி மேலே தங்கினீர்களா, தம்பி? சார்ஜ் போட்டாயா?"

"ஆமாம் அண்ணா. நூறு வரைக்கும் ஏற்றிவிட்டுத்தான் கிளம்பினோம்."

இதே நூறு சதவீதம் என் வீட்டில் என்ன செய்தது என்பதை அவனிடம் அங்கேயே சொன்னேன். இங்கேயும் எழுதுகிறேன். ஐந்து ஆண்டுகளாகச் சேலத்தைச் சுற்றியும் சேர்வராயன் மலையிலும் எல்லாப் பருவங்களிலும் பேட்டரி வண்டி ஓட்டுகிறேன். ஹெல்மெட் போடுங்கள், சார்ஜ் பார்த்துக் கிளம்புங்கள் என்பதெல்லாம் யாருக்கும் தெரியும்; அவற்றை விட்டுவிடுகிறேன்.

வெயிலில் நின்ற வண்டியை வந்ததும் சார்ஜில் போடுவது

சித்திரையில் மதியம் இரண்டு மணிக்குச் சேலம் தார்ச்சாலை எப்படிக் கொதிக்கும் என்பது நமக்குத் தெரியும். அந்தச் சூட்டில் ஓடி வந்த பேட்டரியை உடனே சார்ஜரில் மாட்டினால், சூட்டின் மேல் சூடு ஏறும். லித்தியம் பேட்டரியின் ஆயுளைக் குறைப்பதில் வெப்பத்துக்குத்தான் முதலிடம். சில வண்டிகள் தாமாகவே சார்ஜ் ஏற்ற மறுக்கும். வண்டி கெட்டுவிட்டது என்று நினைத்துப் பலர் சர்வீஸ் சென்டருக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். நிழலில் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். சீட்டுக்கு அடியில் கை வைத்துப் பார்த்துச் சூடு ஆறிய பிறகு மாட்டுங்கள்.

இன்னொன்றும் உண்டு. நூறு சதவீதம் நிரம்பிய வண்டியை அலுவலக வாசலில் நாள் முழுவதும் வெயிலில் நிறுத்துவது, அரைச் சார்ஜில் நிறுத்துவதைவிடக் கெடுதல். தினமும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு எண்பது போதும்.

கோடையில் ஓட்ட நல்ல நேரம் காலை ஐந்தரை. கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரையில் அந்த வேளையில் பேட்டரி வண்டியில் போனால் நீர்க்காகமும் நாரையும் பறக்காமல் அப்படியே நிற்கும். பெட்ரோல் வண்டி ஓட்டிய இருபது ஆண்டுகளில் அந்தக் காட்சி எனக்குக் கிடைத்ததே இல்லை.

ஆடிக் காற்றைக் கணக்கில் சேர்க்காதது

ஆடியில் மேற்கிலிருந்து வீசும் காற்றுக்கு அம்மியே பறக்கும் என்பார்கள். நீங்கள் மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், எதிரே இருபது கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது என்றால், வண்டிக்கு அது அறுபது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் அது இரண்டே கால் மடங்கு ஆகிவிடும். சேலத்திலிருந்து கிழக்கே வாழப்பாடி பக்கம் போகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். போகும்போது காற்று முதுகில் தள்ளும். சார்ஜ் குறையவே குறையாது. அந்தத் தைரியத்தில் இன்னும் பத்துக் கிலோமீட்டர் போய்விட்டுத் திரும்பினால், அயோத்தியாப்பட்டணம் வருவதற்குள் வண்டி மூச்சு வாங்கும்.

ஆடியில் முதலில் மேற்கே போங்கள். சங்ககிரி பக்கம் எதிர்காற்றில் போய், பாதிச் சார்ஜ் தீர்வதற்கு முன்பே திரும்புங்கள். வரும்போது காற்றே கொண்டுவந்து வீட்டில் விட்டுவிடும்.

மலை உச்சியில் நூறு சதவீதம் ஏற்றிவிட்டு இறங்குவது

இதைத்தான் எழுத வந்தேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்கழி. ஏற்காட்டில் எஸ்டேட் வேலையில் இருக்கும் மாமா வீட்டுக்கு நானும் என் மனைவியும் போயிருந்தோம். இரவு முழுவதும் வண்டி சார்ஜில் இருந்தது. காலையில் திரையில் நூறு என்று பார்த்ததும் எனக்குத் திருப்தி. பனி விலகட்டும் என்று எட்டரை மணி வரை காத்திருந்து கிளம்பினோம். ஏரியைத் தாண்டி மலைச்சாலையில் இறங்கியதும் ஆக்சிலரேட்டரை விட்டேன். வழக்கமாக வண்டி யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் தானாக வேகம் குறையும். அன்று குறையவில்லை, சைக்கிள் உருளுவதுபோல் உருண்டது. ஏன் என்று ஒரு நிமிடம் நிறுத்தி யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினேன்.

ஏழெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள் ஒழுங்காகப் போயின. அதன் பிறகு முன்பிரேக் லீவர் மெத்தென்று ஆனது. அடுத்த வளைவில் லீவர் கைப்பிடி வரை வந்து தொட்டது, வண்டி நிற்கவில்லை. பின்பிரேக்கும் பெயருக்குத்தான் பிடித்தது. வலப்பக்கம் பள்ளம். இடப்பக்கம் மலைச்சரிவின் மண்கரையும் வடிகாலும். வண்டியை மண்கரையில் மோதினேன். எனக்குச் சிராய்ப்பு. என் மனைவிக்கு வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

அவள் வெள்ளிக் கொலுசுக்குச் சலங்கை கோர்க்கிறவள். கடுகைவிடச் சற்றே பெரிய சலங்கையை இடுக்கியால் பிடித்து, வளையத்தில் மாட்டி, வளையத்தின் வாயை நெரிக்க வேண்டும். அந்த நெரிப்புக்கு மணிக்கட்டுதான் எல்லாம். ஆறு வாரம் மாவுக்கட்டு. அதற்குப் பிறகும் இரண்டு மாதம் பழைய வேகம் வரவில்லை. தை மாதத்துக் கல்யாண ஆர்டர்கள் அத்தனையும் வேறு கைகளுக்குப் போயின. வண்டிச் செலவை நான் மறந்துவிட்டேன். இதை மறக்க முடியவில்லை.

நடந்தது இதுதான். பேட்டரி வண்டியில் ஆக்சிலரேட்டரை விட்டால், மோட்டார் டைனமோபோல் மாறி, சக்கரத்தின் வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். இதைத்தான் ரீஜென் என்கிறார்கள். பெட்ரோல் வண்டியில் இரண்டாவது கியர் போட்டு இறங்கும்போது இன்ஜின் பிடித்து நிறுத்துமே, அந்த வேலையை இங்கே ரீஜென் செய்கிறது. ஆனால் நிரம்பிய குடத்தில் நீர் ஊற்ற முடியாது. பேட்டரி நூறில் இருந்தால், மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் ரீஜெனை நிறுத்திவிடும் அல்லது வெகுவாகக் குறைத்துவிடும். அது பேட்டரியைக் காப்பதற்கான ஏற்பாடு. வண்டியில் பழுது இல்லை. பிடித்து நிறுத்தும் அந்தக் கை மட்டும் காணாமல் போய்விடும்.

எவ்வளவு பெரிய கை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டியும் இரண்டு பேரும் சேர்ந்து 240 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஏற்காடு ஊரிலிருந்து அடிவாரம் ஏறக்குறைய 1,000 மீட்டர் கீழே இருக்கிறது. அவ்வளவு எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 0.65 யூனிட் மின்சாரம். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியை நாற்பது நிமிடம் விடாமல் சூடாக்கும் அளவு. காற்றும் டயரும் அதில் ஒரு பங்கைத் தின்னும். மீதிச் சூடு முழுவதும் உள்ளங்கையில் அடங்கும் இரண்டு பிரேக்குகளுக்குள் இறங்குகிறது. அந்தச் சூட்டில் பிரேக் பேட் வழுக்கத் தொடங்கும். பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் லீவர் வெறும் காற்றைத்தான் அழுத்தும்.

வண்டி விற்ற கடையில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கையேட்டில் ஒரே ஒரு வரி இருந்தது. அதையும் விபத்துக்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். சேலத்தில் விற்கும் வண்டி ஏற்காடு ஏறாமல் இருக்காது. சாவியைக் கொடுக்கும்போதே இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் என்ன? இன்றைக்கும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இப்போது நான் செய்வது இது. என் வண்டி மூன்று யூனிட் பேட்டரி. இருவரோடு அடிவாரத்திலிருந்து ஏற நாற்பது சதவீதம் செலவாகும். இறங்கும்போது ஆறேழு சதவீதம் திரும்ப வரும். சேலத்தில் நிரப்பிக்கொண்டு ஏறினால், மேலே சார்ஜ் போடாமலே இறங்கி வீடு சேரலாம். மேலே தங்கிச் சுமார் 32 கிலோமீட்டர் சுற்றுச் சாலையும் போனால் மட்டும் சார்ஜ் தேவை, எண்பதில் நிறுத்திவிடுவேன். இறக்கத்தின் முதல் நேர்ச்சாலையில் ஆக்சிலரேட்டரை விட்டு, வண்டி பிடிக்கிறதா என்று பார்ப்பேன். பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு ஊருக்குத் திரும்பி, சமதளத்தில் சுற்றிச் சார்ஜைக் குறைத்துக்கொண்டு வருவேன்.

பிரேக்கைத் தொடர்ந்து உரசவிடாமல், வளைவுக்கு முன் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்து, பிறகு முழுவதும் விடுங்கள். பாதியில் பார்வை முனையில் பத்து நிமிடம் நில்லுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும். விலை குறைந்த சில வண்டிகளில் ரீஜென் கிடையவே கிடையாது. உங்கள் வண்டி எந்த வகை என்று வாங்கும் முன் கேளுங்கள்.

பிரஷர் பம்பில் வாட்டர் சர்வீஸ்

வேண்டாம். பேட்டரிக்குள் நீர் புகாது என்பதற்குச் சொல்லும் ஐபி67 என்ற தரக் குறியீடு, ஒரு மீட்டர் ஆழத்துத் தேங்கிய நீரில் அரை மணி நேரம் தாங்குவதற்கான சோதனை. பீய்ச்சும் நீருக்கான சோதனை வேறு. வாளியும் ஈரத்துணியும் போதும்.

இடி இடிக்கும்போது சார்ஜர்

கழற்றுங்கள்.

மழைக்காலத்தில் காலிப் பேட்டரியோடு பூட்டி வைப்பது

ஐப்பசி, கார்த்திகையில் வண்டியே எடுக்காதவர்கள் இருக்கிறார்கள். எடுக்காமல் இருப்பது தவறில்லை; ஐந்து சதவீதத்தில் பூட்டிவிட்டு மறந்துவிடுவதுதான் தவறு. வண்டி அணைந்திருந்தாலும் உள்ளே இருக்கும் மின்சுற்று கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இரண்டு மாதத்தில் செல்கள் ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால், பிறகு சார்ஜரை மாட்டினாலும் ஏறாது. எங்கள் தெருவில் ஒருவர் இப்படிப் புது பேட்டரிக்கு வண்டி விலையில் பாதியைக் கொடுத்தார். ஐம்பதில் நிறுத்துங்கள், மாதம் ஒருமுறை பாருங்கள்.

பெருமழைக்கு மறுநாள் மலையேறுவது

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சாலையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. இரண்டு நாள் பொறுங்கள்.

காபி பூக்கும் வாரத்தைத் தவறவிடுவது

மார்ச், ஏப்ரலில் மலையில் முதல் கோடை மழை பெய்து எட்டுப் பத்து நாட்களில் காபிச் செடிகள் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூக்கும். மூன்று நாள்தான், பிறகு பழுப்பேறிவிடும். மல்லிகைக்கு நெருங்கிய மணம். பேட்டரி வண்டியில் புகை இல்லாததால் மணம் கலப்படமில்லாமல் வரும்; எஸ்டேட் ஓரம் மெதுவாகப் போனால் தேனீக்களின் ரீங்காரம்கூடக் கேட்கும். மழை பெய்தால் மாமா போன் செய்வார். நான் காலண்டரில் ஒன்பதாம் நாளைச் சுழித்து வைப்பேன்.

விபத்துக்குப் பிறகு மலைக்கு வரமாட்டேன் என்றிருந்த என் மனைவி, இந்த ஆண்டு பூவுக்கு வந்தாள். இறங்கும் முன் என் தோளுக்கு மேலாக எட்டித் திரையைப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு. "சரி, போகலாம்" என்றாள்.