தியன் பியன் பூ சமரை வரைபடத்தோடு படிப்பது எப்படி?

வியட்நாமில் பிரெஞ்சுக் காலனி ஆட்சியின் முதுகெலும்பை முறித்த தியன் பியன் பூ சமரை 1954 மே 7 அன்று நடந்த சரணடைவிலிருந்து படிக்கத் தொடங்கினால், அது ஒரு வீரக்கதையாக மட்டுமே மனத்தில் தங்கும். ஏன் அப்படி முடிந்தது என்று அறிய விரும்புகிறவர்கள் ஒரு வெள்ளைத்தாளையும் ஒரு நாட்காட்டியையும் எடுத்துக்கொண்டு, 1953 நவம்பர் 20-இலிருந்து தொடங்குவது நல்லது. பிரெஞ்சு வான்குடைப் படையினர் வடமேற்கு வியட்நாமிலுள்ள தியன் பியன் பூ பள்ளத்தாக்கில் இறங்கிய நாள் அது.

முதலில் தாளில் வடக்குத் தெற்காக நீண்ட ஒரு பள்ளத்தாக்கை வரைந்து, நடுவே ஓர் ஆற்றையும் ஒரு விமான ஓடுதளத்தையும், சுற்றிலும் காடடர்ந்த மலைகளையும் குறியுங்கள். வடகிழக்கில் பெயாத்ரிஸ், வடக்கில் காப்ரியேல், வடமேற்கில் ஆன்-மாரி, தெற்கே மற்றவற்றிலிருந்து சில கிலோமீட்டர் விலகித் தனித்து நின்ற இசபெல் ஆகிய அரண்களை எழுதிக்கொள்ளுங்கள். இதே குன்றுகளுக்கு வியட்நாமிய நூல்களில் வேறு பெயர்கள் உண்டு. பெயாத்ரிஸ் அங்கே ஹிம் லாம்; நடுப்பகுதியின் கிழக்கே இருந்த எலியான் 2 என்ற அரண் ஏ1 குன்று. இரண்டு பெயர்களையும் சேர்த்தே எழுதாவிட்டால், ஒரே சண்டையை இரண்டாக எண்ணிக் குழம்ப நேரிடும். வரைந்து முடித்ததும் ஹனோய் அங்கிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதை ஓரத்தில் குறித்துவையுங்கள். அந்த ஓடுதளம் மூடப்பட்டால் உள்ளே இருப்பவர்களின் கதி என்ன என்பது அப்போதே புலப்படும்.

இவ்வளவு வெளிப்படையான பலவீனம் பிரெஞ்சுப் படைகளின் தளபதி ஆன்ரி நவாருக்குத் தெரியாதா என்ற கேள்வி எழும். அவரை மூடர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் 1952-இன் இறுதியில் நா சான் என்ற இடத்தில் இதேபோல் வானிலிருந்து உணவும் வெடிமருந்தும் பெற்ற ஒரு பிரெஞ்சு அரண், பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட வியட்மின் படையின் தாக்குதல்களை முறியடித்திருந்தது. லாவோசுக்குச் செல்லும் வழியை அடைத்து, எதிரியைத் திறந்த வெளிக்கு இழுத்துப் பீரங்கியால் அழிக்கலாம் என்ற கணக்கு அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது.

நாட்காட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் 1954 ஜனவரி மாதக் கடைசி வாரம்தான். அப்போது வேகமாகத் தாக்கி வேகமாக வெல்லும் திட்டம் வியட்மின் தரப்பில் தயாராக இருந்தது. பீரங்கிகளும் கையால் இழுத்து மேலேற்றப்பட்டிருந்தன. கடைசி நேரத்தில் வியட்மின் தளபதி வோ நுயென் ஜியாப் அதைக் கைவிட்டு, அதே பீரங்கிகளைத் திரும்ப இழுக்கச் சொன்னார். உறுதியாகத் தாக்கி உறுதியாக முன்னேறுவது என்பது அவருடைய புதிய முடிவு. சமரின் திருப்புமுனை என்று ஒரு நாளைச் சொல்ல வேண்டுமானால், ஒரு குண்டும் சுடாமல் பின்வாங்கிய இந்த நாளையே நான் சொல்வேன்.

அடுத்த ஆறேழு வாரங்களைப் படிக்கும்போது வீரர்களைவிடச் சுமைகளைக் கவனியுங்கள். மிதிவண்டியின் கைப்பிடியில் மூங்கிலைக் கட்டி நீட்டி, ஏறி ஓட்டாமல் தள்ளிச் சென்றே ஒவ்வொன்றிலும் 200 கிலோவுக்கு மேல் அரிசியை வியட்மின் சுமைகூலிகள் கொண்டுவந்தார்கள். 105 மி.மீ. பீரங்கிகள் பள்ளத்தாக்கை நோக்கிய சரிவுகளில் தோண்டப்பட்ட குகைகளுக்குள் மறைக்கப்பட்டன. எதிரியின் பீரங்கிகளை உடனே அடக்கிவிடலாம் என்று உறுதி கூறியிருந்த பிரெஞ்சுப் பீரங்கித் தளபதி ஷார்ல் பிரோத், கண்ணுக்குத் தெரியாத அந்தக் குகைகளை எதிர்த்து ஒன்றும் செய்ய இயலாமல், தாக்குதல் தொடங்கிய சில நாட்களிலேயே கையெறிகுண்டால் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இனி வரைபடத்தில் ஒவ்வோர் அரணாக அடித்துக்கொண்டே வாருங்கள். மார்ச் 13 இரவு பெயாத்ரிஸ், 15-இல் காப்ரியேல், 17-இல் ஆன்-மாரி. மார்ச் மாத இறுதிக்குள் ஓடுதளத்தில் விமானம் இறங்குவது நின்றுபோய், வான்குடை வழியாக மட்டுமே பொருள்கள் வந்தன. அவற்றிலும் ஒரு பகுதி எதிரியின் கையில் விழுந்தது. ஏப்ரல் முழுவதும் பதுங்குகுழிகள் முற்றுகையை இறுக்கிய கதைதான். மே 6 இரவு ஏ1 குன்றின் அடியில் சுரங்கம் தோண்டி வைக்கப்பட்டிருந்த ஏறத்தாழ ஒரு டன் வெடிமருந்து வெடித்தது. மறுநாள் மாலை தியன் பியன் பூவின் பிரெஞ்சுத் தளபதி த காஸ்திரி சிறைப்பட்டார்.

சமர் ஐம்பத்தாறு நாள் நடந்தது என்று நூல்கள் சொல்லும் கணக்கு மார்ச் 13, மே 7 ஆகிய இரு நாட்களையும் சேர்த்தது. உயிரிழப்பு எண்களை மட்டும் எச்சரிக்கையோடு எடுத்தாளுங்கள்; குறிப்பாக வியட்மின் இழப்பைப் பற்றி இரு தரப்பும் சொல்லும் எண்கள் வெகுவாக வேறுபடுகின்றன.

நாட்காட்டியின் கடைசிப் பக்கத்தில் இரண்டு நாட்கள் எஞ்சியிருக்கும். இந்தோசீனா குறித்த பேச்சு ஜெனீவாவில் மே 8 அன்று, அதாவது சரணடைவுக்கு மறுநாளே தொடங்கியது. ஜூலை 21-இல் முடிந்த உடன்பாடு 17-ஆவது அட்சரேகையை ஒட்டி நாட்டைத் தற்காலிகமாகப் பிரித்து, 1956-இல் தேர்தல் நடக்கும் என்றது. அந்தத் தேர்தல் நடக்கவேயில்லை.