செதிள் செல் புற்றுநோய் ஸ்லைடில் புரதக் குறிகளைப் படிப்பது எப்படி?

ஐ.எச்.சி. (ஆன்டிபாடி கொண்டு திசுவில் உள்ள புரதங்களை நிறமேற்றிக் காட்டும் முறை) ஸ்லைடைப் புதிதாகப் பார்ப்பவர்கள் முதலில் தேடுவது "பாசிட்டிவா, நெகட்டிவா?" என்பதைத்தான். அதோடு நிறுத்தினால் பாதி விஷயம் கைநழுவிவிடும். செதிள் செல் புற்றில் தெரியும் புரதங்களில் பல, நலமான எபிதீலியத்திலும் (உறுப்புகளின் மேற்பரப்பைப் போர்த்தும் செல் அடுக்கு) இருப்பவையே. எந்த அடுக்கில், செல்லின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பார்க்கப் பழக வேண்டும்.

படி 1: கன்ட்ரோல் ஸ்லைடு

டி.ஏ.பி. என்ற பழுப்பு நிறம் தரும் வேதிப்பொருளைக் கொண்ட வழக்கமான முறையில், ஆன்டிபாடி ஒட்டிய இடம் பழுப்பாகும். ஹீமட்டாக்ஸிலின் என்ற நீலச் சாயம் பட்ட உட்கருக்கள் நீலமாகத் தெரியும். கன்ட்ரோல் ஸ்லைடு (அந்தப் புரதம் இருப்பது முன்பே தெரிந்த திசு) சரியாக நிறமேறவில்லை என்றால் மேலே போகாதீர்கள்.

படி 2: நலமான எபிதீலியத்தைத் தேடுங்கள்

கட்டியின் ஓரத்தில் பெரும்பாலும் கொஞ்சம் நல்ல திசு இருக்கும். என்னைக் கேட்டால், அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். குறைந்த உருப்பெருக்கத்தில் கீழிருந்து மேலாக, அடுக்கு அடுக்காகப் பாருங்கள்.

அடித்தள அடுக்கில் கெரட்டின் என்ற இழைப் புரதத்தின் வகைகளான கெரட்டின் 5, கெரட்டின் 14 இரண்டும் இருக்கும். செதிள் செல்களை அடையாளம் காட்டும் பி40 என்ற புரதம் அங்கே உட்கருவில் அழுத்தமாகத் தெரியும்; மேலே போகப் போக மங்கும். செல்கள் முதிரும்போது கெரட்டினும் மாறுகிறது: தோலில் கெரட்டின் 1, 10, கன்னத்தின் உட்புறம் போன்ற கெரட்டின் படியாத இடங்களில் 4, 13. இன்வொலூக்ரின் என்ற புரதம் மேல் அடுக்குகளுக்கு உரியது.

இப்போது கி-67 ஸ்லைடை வையுங்கள். இது பெருகிக்கொண்டிருக்கும் செல்களைக் காட்டும் புரதம். நல்ல திசுவில் அடியில் உள்ள சில வரிசைகளில் மட்டும் பழுப்பு உட்கருக்கள். அதற்கு மேல் எல்லாம் நீலம். இந்த ஒழுங்கு மனதில் பதியும்வரை கட்டிப் பக்கம் நகர வேண்டாம்.

படி 3: செல்லுக்குள் எங்கே?

பி40, அதன் நெருங்கிய உறவுப் புரதமான பி63, கி-67, புற்றைத் தடுக்கும் புரதமான பி53 எல்லாம் உட்கருவில். கெரட்டின்கள் சைட்டோபிளாசத்தில் (உட்கருவைச் சுற்றியுள்ள பகுதி). செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் ஈ-கேதரின் செல் சவ்வில், வலைக்கோடு போல. சைட்டோபிளாசத்தில் மட்டும் பழுப்பு இருந்தால் அதை பி40 பாசிட்டிவ் என்று எண்ணக் கூடாது.

படி 4: கட்டியோடு ஒப்பிடுங்கள்

நன்கு முதிர்ந்த வகையில் (செல்கள் நலமானவற்றை ஒத்திருக்கும் கட்டி) பழைய ஒழுங்கின் மிச்சம் தெரியும்: செல் கூட்டத்தின் ஓரத்தில் பி40 அழுத்தமாக இருக்கும், நடுவில் உள்ள கெரட்டின் முத்தில் (கெரட்டின் திரண்ட உருண்டை) இருக்காது. முதிராத வகையில் கூட்டம் முழுக்கப் பழுப்பாக இருக்கலாம். கி-67 அடி வரிசைகளைத் தாண்டிப் பரவும். வாய்ப் புற்றில் கெரட்டின் 13 மறைந்து, கெரட்டின் 17 தலைகாட்டுவது அடிக்கடி காண்பது. ஊடுருவும் முனையில் ஈ-கேதரின் குறையலாம்.

படி 5: வழுக்கும் இடங்கள்

பி40 சொல்வது செதிள் செல் வம்சத்தை. புற்றா இல்லையா என்பதை அல்ல. அதற்கு எச் அண்ட் ஈ (திசு அமைப்பைக் காட்டும் வழக்கமான நிறமேற்றம்) ஸ்லைடில் திசுவின் அமைப்பைப் பார்த்தாக வேண்டும். நுரையீரலில் அடினோகார்சினோமாவிலிருந்து (சுரப்பிச் செல் வகைப் புற்று) பிரித்தறிய பி63-ஐ விட பி40 நம்பகமானது. ஏனென்றால் சில அடினோகார்சினோமாக்களிலும் பி63 வரும். கூடவே நுரையீரல் அடினோகார்சினோமாவில் பெரும்பாலும் தெரியும் டி.டி.எஃப்-1 என்ற புரதத்தையும் பார்ப்பார்கள்.

பி53-இல் ரொம்பக் கவனம் வேண்டும். அழுத்தமாகப் பரவியிருந்தாலும், கட்டியில் அறவே இல்லாவிட்டாலும், மரபணுத் திரிபைச் சந்தேகிக்கலாம். "அறவே இல்லை" என்று எழுதும் முன் பக்கத்து நல்ல செல்களில் ஆங்காங்கே மெல்லிய பழுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கும் இல்லையென்றால் நிறமேற்றமே தவறியிருக்கலாம்.

பி16 என்ற புரதம் தொண்டையின் ஓரோஃபேரிங்ஸ் பகுதியில் (வாய்க்குப் பின்புறம்) எச்.பி.வி. (மனித பாப்பிலோமா வைரஸ்) தொடர்பைக் காட்டும் குறி. அங்கே குறைந்தது 70% கட்டிச் செல்களில், உட்கருவிலும் சைட்டோபிளாசத்திலும் அழுத்தமான நிறம் வேண்டும். அந்த அளவுகோலை மற்ற உறுப்புகளுக்கு அப்படியே பொருத்தாதீர்கள்.

படி 6: குறிப்பு எழுதுங்கள்

"பி40 பாசிட்டிவ்" என்று மட்டும் எழுதாமல் இப்படி எழுதிப் பழகலாம்: "பி40: கட்டிக் கூட்டங்களின் ஓரச் செல்களில், உட்கருவில், அழுத்தமாக; நடுவில் இல்லை. பக்கத்து நல்ல எபிதீலியத்தில் அடித்தள அடுக்கு பாசிட்டிவ். கன்ட்ரோல் சரி."