மட்டக்களப்பில் எத்தனை மணிக்கு என்ன சாப்பிடலாம்

அக்காவின் மகள் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகி, வவுனியாவில் இருந்து வந்து இறங்கிய கிழமையே கேட்டாள்: "சின்னம்மா, ரவுனுக்குள்ள நல்ல சாப்பாட்டுக் கடை எது?"

நான் காப்புறுதிக் களவேலை செய்கிறவள். பதினாறு வருசமாக வாழைச்சேனையில் இருந்து கல்முனை வரைக்கும் ஸ்கூட்டியில் திரிகிறேன். கிழமையில் ஐந்து நாள் மத்தியானச் சாப்பாடு வெளியில்தான். ஆனாலும் ஒரு கடையின் பேரும் சட்டென்று வாயில் வரவில்லை. "உனக்கு எத்தனை மணிக்குப் பசிக்கும்?" என்று கேட்டேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள்.

பகிடி இல்லை. காலையில் பஞ்சு போல இடியப்பம் தரும் கடையே மத்தியானம் குழைந்த சோற்றைப் போடும். இரவில் சனம் முண்டியடிக்கும் கொத்து ரொட்டிக் கடைக்குப் பகலில் போனால் கண்ணாடிப் பெட்டிக்குள் காய்ந்துபோன ரோல்ஸ்தான் இருக்கும். நல்லாகச் சமைத்தவர் கட்டாருக்குப் போய்விடுவார், கடை கைமாறும், பேர்ப் பலகை மட்டும் அப்படியே இருக்கும். இங்கே பதினாறு வருசத்தில் நான் மாறக் காணாதது ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் உள்ள நேரம்தான். அதனால் மணிக்கணக்கில் சொல்லிக்கொண்டு போகிறேன்.

கொழும்பில் இருந்து இரவு பஸ்ஸில் வந்தால் இருட்டோடு இறக்கிவிடுவார்கள். அப்போது சாப்பாடு தேடி அலையாதீர்கள். பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடையாவது திறந்திருக்கும். ஒரு பிளேன்டீ குடித்துக்கொண்டு விடியும்வரை இருக்கலாம். "சீனி குறைவா" என்று முதலே சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் பாணிதான் வரும்.

இடியப்பமும் பிட்டும் ஆறரைக்கு மேல்தான் "வரும்". வரும் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் சின்னக் கடைகள் பலவற்றில் அதை அங்கே அவிப்பதில்லை. பக்கத்தில் உள்ள பெண்கள் விடியப்புறம் எழும்பி வீட்டில் பிழிந்து அவித்துப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்துவிடுவார்கள். என்னிடம் காப்புறுதி எடுத்தவர்களில் அப்படிப் பிழைக்கிறவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். ஒருமுறை தவணைப் பணம் வாங்கப் போன இடத்தில் ஒரு அம்மாவிடம் பத்து மணிக்கு இடியப்பம் கேட்டேன். "ஒரு நாளைக்கு ஒரு அவியல்தான் மகள், எட்டு மணியோட சரி" என்றார். அந்த ஒரு அவியல்தான் கடையில் பதினொரு மணிவரைக்கும் கிடக்கிறது. எட்டரைக்குப் பிறகு கிடைப்பது நூலாகக் காய்ந்திருக்கும், சொதியில் ஊறவிட்டுத்தான் விழுங்க வேண்டும். பிட்டு கேட்கும்போது "அரிசிமாவா, கோதம்ப மாவா?" என்று கேளுங்கள். சிவப்பரிசிமாப் பிட்டும் மீன் குழம்பும் கிடைத்தால் அன்று வேறொன்றும் தேவையில்லை.

தமிழ்நாட்டில் இருந்து வருகிறவர்கள் ஒரு விசயத்தில் தடுமாறுவார்கள். தேத்தண்ணி மட்டும் சொல்லி உட்கார்ந்தாலும் ரோல்ஸ், பற்றீஸ், கட்லட், வடை எல்லாம் கலந்து ஒரு தட்டைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். அது இனாமும் இல்லை, எல்லாவற்றுக்கும் காசு கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. எடுத்ததற்கு மட்டும் எண்ணிக் காசு வாங்குவார்கள். மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். எத்தனை மேசை சுற்றி வந்த தட்டு என்று தெரியாததால், நான் அதைத் தொடுவதில்லை. "சூடா உள்ளுக்க இருந்தா ரெண்டு கொண்டாங்க தம்பி" என்று சொன்னால் முகம் சுளிக்காமல் கொண்டுவந்து தருவார்கள்.

மத்தியானச் சோறு பன்னிரண்டில் இருந்து ஒன்றேகாலுக்குள். கந்தோர்ச் சனம் பன்னிரண்டரைக்குக் கூடும், அதற்குக் கொஞ்சம் முன்னால் போனால் இருக்க இடமும் நல்ல மீன் துண்டும் கிடைக்கும். மரக்கறியும் சொதியும் கேட்கக் கேட்கப் போடுவார்கள். மீன், இறைச்சி, பொரியலுக்குத்தான் தனிக் காசு, அதனால் "இது எவ்வளவு?" என்று வாங்க முன்னம் கேட்பதில் வெட்கம் வேண்டாம். 2022 இல் காஸ் வரிசையில் நின்ற காலத்துக்குப் பிறகு விலைப் பலகையை அடிக்கடி அழித்து எழுதுகிறார்கள். பழைய விலையை நம்பிப் போகாதீர்கள்.

சொல் விசயத்திலும் கவனம். இங்கே சுண்டல் என்றால் கடலை இல்லை. பொன்னாங்காணியையோ முருங்கையிலையையோ பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ போட்டுச் சட்டியில் பிரட்டி எடுப்பது. யாழ்ப்பாணத்தார் வறை என்பார்கள். அக்காவின் மகள் முதல் நாள் "சுண்டல் வேணுமா?" என்று கேட்டதற்கு, சோற்றுக்குக் கடலையா என்று வேண்டாம் என்றிருக்கிறாள். ஆணம் என்றால் குழம்பு, பாலாணம் என்றால் உறைப்பில்லாத தேங்காய்ப்பால் சொதி, புளியாணம் என்றால் தண்ணியாகப் புளித்து வருவது. வயிறு சரியில்லாத நாளில் புளியாணத்தை ஒரு கிளாசில் வாங்கிக் குடிக்கலாம்.

சோத்துப் பார்சல் வாங்கினால் ஒரு மணித்தியாலத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். இதை அடித்துச் சொல்கிறேன், ஏனென்றால் நான் பட்டவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பன்னிரண்டு மணிக்கு மீன் பார்சல் ஒன்று வாங்கி, ஸ்கூட்டி சீட்டுக்குக் கீழே வைத்துக்கொண்டு செங்கலடி, சித்தாண்டி என்று ஆள் பார்த்துவிட்டு, மூன்றரைக்கு ஒரு மரத்தடியில் பிரித்தேன். கொஞ்சம் பிசுபிசுத்தது. காசைப் பார்த்துச் சாப்பிட்டேன். இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. கடைக்காரரைத் திட்டித் தீர்த்தேன், ஆனால் பிழை அவரிடம் இல்லை. பங்குனி வெயிலில் எஞ்சின் சூட்டுக்கு மேலே, தேங்காய்ப்பால் விட்ட கறியை மூன்றரை மணித்தியாலம் வைத்தவள் நான். இப்போது சாப்பாட்டுப் பெட்டி ஒன்று கையோடு கொண்டுபோகிறேன். சோறு சுற்றுகிற பொலித்தீன் தாளை, அதாவது லஞ்ச் சீற்றை, 2017 இல் தடை செய்தார்கள், ஆனாலும் சூட்டுச் சோற்றை அதில் சுற்றித் தருகிற கடை இன்னும் இருக்கிறது. பெட்டியை நீட்டினால் அந்தத் தொல்லையும் இல்லை.

இரண்டரையில் இருந்து நாலரை வரை பாலைவனம். அந்த நேரத்தில் பசித்தால் வாழைப்பழமும் பேக்கரிப் பணிசும். சோறு கேட்காதீர்கள், அவர்கள் கொடுப்பார்கள், அதுதான் பிரச்சினை.

பின்னேரம் கல்லடிக் கடற்கரை. இறால் வடையை அடுக்கி வைத்த வண்டியை விட்டு, எண்ணெய் கொதிக்கிற வண்டியாகப் பார்த்து நில்லுங்கள். வடை தட்டையாகவும் இறால் மேலே ஒட்டியும் இருக்கும், வெங்காயமும் உறைப்புச் சாறும் போட்டுத் தருவார்கள். மாங்காய், அம்பரெல்லா, அன்னாசி அச்சாறு உப்பும் மிளகாய்த் தூளும் பிரட்டி வரும். ரவுனுக்குள் என்றால் வாவிக் கரையில் காந்திப் பூங்காப் பக்கம் கச்சானும் (வேர்க்கடலை) கடலையும் கொறித்துக்கொண்டு காற்று வாங்கலாம். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்துக்கு வருகிறவர்களுக்குக் கச்சான் கடையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. வாங்காமல் வீட்டுக்குப் போனால் பிள்ளைகள் விடமாட்டார்கள்.

நண்டு சாப்பிட வேண்டும் என்று வருகிறவர்கள் நாட்காட்டியைப் பாருங்கள். நிலாக் காலத்து நண்டு கோது, உள்ளே சதை இருக்காது என்று வாவியில் தொழில் செய்கிறவர்கள் சொல்வார்கள். ஆனால் பாடும் மீன் என்று நாங்கள் சொல்லும், வாவித் தண்ணீருக்குள் இருந்து வரும் ஓசையைக் கேட்க வேண்டும் என்றால் நிலா இரவுதான் வேண்டும். 1924 இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்தடியில் பௌர்ணமிக்குத் தோணியில் போய்க் காதை வைத்துக் கேட்பார்கள். ஆகவே ஒரே பயணத்தில் மீன் பாட்டும் சதைப்பற்றான நண்டும் கிடைப்பது அரிது. எது வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு டிக்கட் போடுங்கள்.

மறுகா, அதாவது அதற்குப் பிறகு, கொத்து. கொத்து ரொட்டி கிழக்கில்தான் பிறந்தது என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். மட்டக்களப்பிலா திருகோணமலையிலா என்ற சண்டை தீரவில்லை, நான் எந்தப் பக்கம் என்று கேட்கவும் வேண்டாம். ஆறு, ஆறரைக்குத் தகடு சத்தம் தொடங்கும். நல்ல நேரம் ஏழரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில். அதற்கு முதல் போனால் கல் சரியாகச் சூடேறியிருக்காது, ஒன்பதரைக்குப் பிறகு ஆறிக் கிடந்த ரொட்டியைத்தான் கொத்துவார்கள். கடைக்குள் போய் இருக்க முன்னம் கொத்துக் கல்லுக்குப் பக்கத்தில் இரண்டு நிமிசம் நின்று பாருங்கள். எண்ணெயில் ஊறிய மா உருண்டையை வீசி, அப்போதே சுட்டு, அந்த ரொட்டியையே கொத்தினால் தைரியமாக உள்ளே போங்கள். முட்டை, வெங்காயம், கறிவேப்பிலை, லீக்ஸ், கடைசியில் ஒரு கரண்டி ஆணம். இந்த ஆணம்தான் கொத்தின் உயிர், அது கூடினால் களி, குறைந்தால் தவிடு. "ஆணம் தனியா வையுங்க" என்று சொல்லி நீங்களே விட்டுக்கொள்வது என் வழக்கம். உறைப்புத் தாங்காதவர்கள் அதையும் முதலே சொல்ல வேண்டும். ஒரு முழுக் கொத்து இரண்டு பெண்களுக்குக் காணும், ஒரு கெம்பஸ் பொடியனுக்குக் காணாது.

கோழி, மாடு, மரக்கறி எல்லாம் அநேகமாக ஒரே கல்லில்தான் போகும். மாட்டிறைச்சி சேர்க்காதவர்களும் விரதக்காரர்களும் சைவக் கடைக்கே போய்விடுங்கள். அங்கே பின்னேரத் தோசையும் உளுந்து வடையும் நல்லாக இருக்கும், வெள்ளிக்கிழமை மட்டும் கால் வைக்க இடமிருக்காது.

மாட்டுக் கொத்துக்கும் புரியாணிக்கும் காத்தான்குடி. ரவுனில் இருந்து கல்முனை வீதியால் தெற்கே ஐந்தாறு கிலோமீற்றர், வீதி நடுவில் பேரீச்ச மரங்கள் வரிசையாகத் தொடங்கினால் வந்துவிட்டீர்கள். புரியாணி மத்தியானத்துக்குரியது, சட்டி திறந்து ஒரு மணித்தியாலத்துக்குள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் கடைகள் பூட்டியிருக்கும், ஒன்றரை தாண்டிப் போங்கள். நோன்பு மாதத்தில் பகலில் ஒன்றும் கிடையாது, ஆனால் பின்னேரம் ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள், சமூசாவும் கட்லட்டும் கஞ்சியும் வீதி முழுக்க. வட்டிலப்பம் என்ற இனிப்பைக் கண்டால் விடாதீர்கள். நான் அடிக்கடி போகும் கடைக் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) இன்றுவரை என்னை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுகிறார். சாறியும் கைப்பையும் கண்டால் டீச்சர்தான். நானும் திருத்தவில்லை, டீச்சர் என்றால் துண்டு கொஞ்சம் பெரிதாக விழுகிறது.

பெண் பிள்ளைகள் தனியாகப் போனால்: மாடியிலோ பின்பக்கமோ குடும்பத்துக்கென்று ஒதுக்கிய இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். முன்னுக்கு ஆம்பிளைகள் நிறைந்து கிடக்கும் கடையிலும் அப்படி ஒரு மூலை இருக்கும். நான் கடையைத் தெரிவு செய்வது கை கழுவும் தொட்டியை வைத்து. அங்கே சவர்க்காரமும் தண்ணீரும் ஒழுங்காக இருந்தால் குசினியும் பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும். கழிப்பறை தேவை என்றால் பெரிய எரிபொருள் நிலையங்களில் நிற்பதே நல்லது.

கடைசியாகத் தயிர், ஏனென்றால் அதை ஊருக்குப் புறப்படும் நாள் காலையில்தான் வாங்க வேண்டும். எருமைத் தயிர் அதிகமும் வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் இருந்து மண் சட்டியில் வரும். எருமைப் பாலில் கொழுப்பு அதிகம், சட்டியும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் கத்தி கொண்டு வெட்டுகிற மாதிரி இறுகும். வாங்கும்போது சட்டியை மெல்லச் சரித்துப் பாருங்கள். அசையாமல் நின்றால் சரி. ஓரத்தால் தண்ணி ஓடினால் விட்டுவிடுங்கள். மேலே மஞ்சளாக ஆடை படிந்திருப்பது நல்லது, புளித்த மணம் மூக்கில் அடித்தால் அது முந்தநாள் சட்டி. சீனி போட்டுச் சாப்பிடுவார்கள், கித்துள் பாணி விடுவார்கள். நான் கதலி வாழைப்பழமும் பழஞ்சோறும் பிசைந்து சாப்பிடும் கட்சி.

கொண்டுபோகும்போது பஸ்ஸில் மேல் தட்டில் வைக்காதீர்கள். கடதாசியால் வாயைக் கட்டி, துணிப் பைக்குள் நிமிர்த்தி வைத்து, காலுக்கு நடுவில் இடுக்கிக்கொள்ளுங்கள். அக்காவின் மகள் முதல் லீவுக்கு வவுனியா போகும்போது நான் கொடுத்த சட்டியை மேல் தட்டில்தான் வைத்தாள். ஹபரணைக்குக் கிட்ட ஒரு பிரேக். கீழே இருந்த ஐயாவுக்கு வெள்ளை வேட்டி என்றபடியால் பெரிதாகத் தெரியவில்லையாம்.