செங்கல்பட்டு வரை ரயில், அப்புறம் பஸ்

செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் சொந்த ஊர் உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊரில் ஒரு வேலை ஆக வேண்டும், அதுவும் காலையிலேயே ஆக வேண்டும் என்றால் சென்னையிலிருந்து காரில் போகாதீர்கள்.

அப்பாவின் வாரிசுச் சான்றிதழுக்காகப் போயிருந்தேன். இ-சேவை மையத்தில் பதிந்தால் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) விசாரித்து தாசில்தாருக்கு அனுப்ப வேண்டும். வி.ஏ.ஓ. பதினோரு மணிக்குள் வரச் சொன்னார். ரயிலில் போகிறேன் என்றதும் சித்தப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "கனடாவிலேர்ந்து வந்த புள்ள பஸ்ல வந்து எறங்கினா ஊர்ல என்ன பேசுவாங்க? வண்டி சொல்லிட்டேன்." பெரியவர் பேச்சைத் தட்ட முடியவில்லை. பெருங்களத்தூரில் சிக்கிய வண்டி வண்டலூர், கூடுவாஞ்சேரி என்று நின்று நின்று நகர, பக்கத்துத் தண்டவாளத்தில் செங்கல்பட்டு ரயில்கள் ஒவ்வொன்றாக எங்களைக் கடந்து போயின. போய்ச் சேர்ந்தபோது வி.ஏ.ஓ. கலெக்டர் ஆபீஸ் கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டார். மறுமுறை போனால், அம்மாவின் பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் வேறு மாதிரி. அதைச் சரிசெய்தால் ஆர்.ஐ. விடுப்பு. விமான டிக்கெட்டைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. அப்பா படுத்துக் கிடந்தபோது வராத பிள்ளை என்று அங்கே யாரும் சொல்லவில்லை, ஆனாலும் அந்த பெஞ்சில் என்னால் தலைநிமிர்ந்து உட்கார முடியவில்லை.

அப்பா சர்வீஸ் முழுக்க விடியற்காலை ஊர் பஸ்ஸில் செங்கல்பட்டு வந்து, ரயில் பிடித்து எழும்பூர் போய் வேலை பார்த்தவர். அந்த வழி இன்றும் இருக்கிறது. மின்சார ரயில் ஒரே கோட்டில்தான் ஓடும், உங்கள் ஊர் அந்தக் கோட்டில் இருக்காது. உத்திரமேரூர், திருக்கழுக்குன்றம், மதுராந்தகம் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் மீதி தூரத்தை பஸ்தான் முடித்துவைக்க வேண்டும்.

விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் ஸ்டேஷன் இருக்கிறது. தாம்பரம் வரை ரயில்கள் அடிக்கடி உண்டு, அதற்கு அப்பால் குறைவு, அதனால் செங்கல்பட்டு வண்டியா என்று பார்த்து ஏறுங்கள். அது இப்போதுதான் போயிற்று என்றால் தாம்பரத்தில் இறங்கி 500-ம் நம்பர் பஸ் பிடிக்கலாம், ஆனால் அதுவும் எங்கள் கார் சிக்கிய அதே ஜி.எஸ்.டி. ரோட்டில்தான் போக வேண்டும், அலுவலக நேரத்தில் அடுத்த ரயிலுக்குக் காத்திருப்பதே மேல். ஞாயிறன்று பராமரிப்பு வேலைக்காக ரயில்களை ரத்து செய்வதுண்டு, முந்தின நாளே விசாரித்துவிடுங்கள். தென் மாவட்ட பஸ்கள் 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்குப் போய்விட்டன, பழைய நினைவில் கோயம்பேட்டில் போய் நிற்காதீர்கள். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை, ஊர்விட்டு ஊர் போகும் பஸ்ஸில் டிக்கெட் உண்டு.

ஊருக்குள் இறங்கும்போதே கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். அதை விட்டால் செங்கல்பட்டு வர ஆட்டோதான், ராத்திரியில் கேட்ட காசைக் கொடுத்தாக வேண்டும்.