ஒரு பிள்ளையும் தனித்து நிற்காத பள்ளி: மாணவர் சிறுகுழுக்களை அமைக்கும் செய்முறை

எங்கள் கிறிஸ்தவப் பள்ளியில் மூன்றாண்டுகளாகப் படித்த ஒரு மாணவி ஒருமுறை தொடர்ந்து 9 நாள்கள் வரவில்லை. பத்தாம் நாள் அவள் வந்தபோதுதான், அவள் இல்லாததை வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு எவரும் கவனிக்கவில்லை என்பது எங்களுக்கு உறைத்தது. அந்த 9 நாள்களும் காலை ஆராதனையில் ‘நாம் எல்லாரும் ஒரே குடும்பம்’ என்று பாடிக்கொண்டுதான் இருந்தோம். அதன்பின் இரண்டு ஆண்டுகள் தட்டுத் தடுமாறி நாங்கள் கண்டுபிடித்த முறையைக் கீழே எழுதுகிறேன். நிர்வாகத்திடம் அனுமதி வாங்குவது, பெற்றோருக்குச் சுற்றறிக்கை அனுப்புவது போன்றவற்றை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

படி 1: பெயர்களைச் சுவரில் ஒட்டுங்கள்

மாணவர்கள் வீடு திரும்பிய பிறகு, எல்லா வகுப்புகளின் பெயர்ப் பட்டியலையும் பெரிய எழுத்தில் அச்சிட்டு ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டுங்கள். மதிப்பெண்ணுக்கு அப்பாற்பட்ட ஒரு செய்தியாவது எந்தப் பிள்ளையைப் பற்றித் தமக்குத் தெரியுமோ, ஒரு சிக்கல் வந்தால் எந்தப் பிள்ளை தம்மிடம் வந்து சொல்லும் என்று நம்புகிறார்களோ, அந்தப் பெயருக்கு அருகில் ஒவ்வொருவரும் ஒரு வண்ணப் பொட்டு ஒட்ட வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கல்வியியல் பள்ளியைச் சேர்ந்த ஒரு திட்டம் இத்தகைய பயிற்சியை ‘உறவு வரைபடம்’ என்ற பெயரில் பள்ளிகளுக்குப் பரிந்துரைக்கிறது. அலுவலக எழுத்தர், நூலகர், பேருந்து ஓட்டுநர், வாயிற்காவலர் ஆகியோரையும் கட்டாயம் அழையுங்கள். எங்கள் வாயிற்காவலர் ஒட்டிய பொட்டுகள் என்னுடையவற்றைவிட அதிகம்.

இதைக் கணினியில் எக்செல் தாளாகச் செய்யலாமே என்று கேட்பார்கள். செய்யாதீர்கள். திரையில் வெற்றுக் கட்டங்களை எளிதாகத் தாண்டிவிடலாம். சுவரில் பொட்டில்லாத பெயர் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். முதலிடம் பெறுபவர்களுக்கும் அடிக்கடி தண்டிக்கப்படுபவர்களுக்கும் பொட்டுகள் குவிந்திருக்க, நடுவில் அமைதியாக இருப்பவர்களும் ஆண்டின் இடையில் வந்து சேர்ந்தவர்களும் வெறுமையாக நிற்பதைக் காண்பீர்கள். தாள்களை அன்றைக்கே கழற்றிக் கிழித்துவிடுங்கள். அவை மாணவர் கண்ணில் படவே கூடாது.

படி 2: குழு பிரித்தல்

மக்களின் வழக்குகளை ஒருவராகவே விசாரித்துக் களைத்துப்போன மோசேயிடம், ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் ஐம்பது பேருக்கும் பத்துப் பேருக்கும் தலைவர்களை ஏற்படுத்தும்படி மாமனார் எத்திரோ சொன்ன ஆலோசனை வேதாகமத்தின் யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பள்ளிக்கு முக்கியமானது கடைசியில் வரும் அந்தப் பத்து. 8 முதல் 10 பேர் கொண்ட, வெவ்வேறு வகுப்புகளைக் கலந்த குழுக்களே போதும்.

முதல் ஆண்டில் மாணவர்களையே குழு சேர்ந்துகொள்ளச் சொன்னேன். ஏற்கெனவே நண்பர்களாக இருந்தவர்கள் ஒன்றாகச் சேர்ந்துகொள்ள, எஞ்சியவர்களை ஒரு குழுவாக்க வேண்டியதாயிற்று. அந்தக் குழு எப்படிப்பட்டது என்பது அதில் இருந்தவர்களுக்கும் தெரிந்திருந்தது. இப்போது ஒவ்வொருவரும் யாருடன் அமர விரும்புகிறார்கள் என்று மூன்று பெயர்களைத் துண்டுத் தாளில் எழுதித் தருகிறார்கள். மனநல மருத்துவர் ஜேக்கப் மொரேனோ 1930-களில் உருவாக்கிய சமூக வரைபட முறையின் எளிய வடிவம் இது. மூவரில் ஒருவராவது அதே குழுவில் இருப்பார் என்று உறுதியளித்து, மற்ற இடங்களை நாங்களே நிரப்புகிறோம். பொட்டில்லாத இரு பிள்ளைகளை ஒரே குழுவில் போடாதீர்கள்.

தலைவர்களாக வசனம் மனப்பாடத்தில் பரிசு வாங்குபவர்களையே எடுக்கத் தோன்றும். அதைவிட, கீழே விழுந்த இன்னொருவரின் பையை யாரும் சொல்லாமல் எடுத்துக் கொடுக்கும் பிள்ளையைத் தேடுங்கள். தலைவரின் முதல் பொறுப்பு, இன்று யார் வரவில்லை என்பதை அறிந்திருப்பதுதான்.

படி 3: நேரம்

வாரம் ஒருமுறை 20 நிமிடங்கள், பாடவேளைக்குள்ளேயே. ஆண்டுக்கு ஒரு முகாம் போதாதா என்றால், போதாது. சிலரோடு அடிக்கடி நிகழும் இனிய சந்திப்புகளும், ஒருவர்மேல் ஒருவருக்கு நீடித்த அக்கறையும் சேர்ந்தால்தான் மனிதருக்குச் சேர்ந்திருக்கும் உணர்வு நிறைவடைகிறது என்று உளவியலாளர்கள் பாமைஸ்டரும் லியரியும் 1995-இல் எழுதிய கட்டுரையில் வாதிட்டார்கள். அணி பிரித்துப் புள்ளி வழங்கும் போட்டிகளிலும் எனக்கு நம்பிக்கை குறைவு. அவை கைதட்டுபவர்களைத் தருகின்றன, தோழர்களைத் தருவதில்லை.

படி 4: ஜெபக்குறிப்பு, நான் சறுக்கிய இடம்

கிறிஸ்தவப் பள்ளியில் சிறுகுழு என்றால் ஒருவர் பாரத்தை ஒருவர் பகிர்ந்து ஜெபிப்பது இயல்பு. எனவே ஒவ்வொருவரும் ஒரு ஜெபக்குறிப்பு, அதாவது மற்றவர்கள் ஜெபிக்க வேண்டிய ஒரு காரியம், சொல்லுங்கள் என்று மட்டும் தலைவர்களிடம் சொல்லி அனுப்பினேன். மூன்றாம் வாரத்தில் ஒரு மாணவன் தன் பெற்றோர் பிரிந்து வாழ்வதைச் சொன்னான். மாலைக்குள் அது மூன்று வகுப்புகளுக்குத் தெரிந்துவிட்டது. சொன்னவர்கள் எல்லாரும் ‘ஜெபிப்பதற்காகத்தான் சொன்னோம்’ என்றார்கள். அதில் பொய்யில்லை என்பதே எனக்குக் கூடுதல் வருத்தம். அந்த மாணவன் அந்தப் பருவம் முழுவதும் குழுவில் வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு முதல் சந்திப்பிலேயே சில விதிகளைப் படித்துக் காட்டுகிறோம். தன்னைப் பற்றிய குறிப்பை மட்டுமே சொல்லலாம்; வேறொருவரின் காரியத்தை அவர் பெயரோடு சொல்லக் கூடாது. விவரம் சொல்ல விரும்பாதவர்கள் ‘ஒரு காரியம் இருக்கிறது’ என்று சொன்னால் போதும், யாரும் துருவிக் கேட்கக் கூடாது. எழுதித் தர விரும்புபவர்களுக்குப் பூட்டிய பெட்டி ஒன்று உண்டு, அதைப் பொறுப்பாசிரியர் மட்டுமே திறப்பார். வாட்ஸ்அப்பில் எந்தக் குறிப்பும் போகக் கூடாது.

இவற்றுக்கெல்லாம் மேலாக, ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று தலைவர் ஒருபோதும் வாக்குக் கொடுக்கக் கூடாது. ஒரு பிள்ளைக்குத் தீங்கு நேர்கிறது, அல்லது அது தன்னையே காயப்படுத்திக்கொள்கிறது என்று தெரிந்தால், அன்றைக்கே பெரியவர் ஒருவரிடம் சொல்லியாக வேண்டும். பேச்சு தொடங்குமுன் இதைச் சொல்லிவிட்டால் பின்னர் அது துரோகமாகத் தோன்றாது.

படி 5: நம்பிக்கையை நுழைவுச்சீட்டாக ஆக்காதீர்கள்

கிறிஸ்தவர் அல்லாத பிள்ளைகளும், கிறிஸ்தவக் குடும்பத்திலிருந்து வந்தும் சந்தேகத்தோடு இருப்பவர்களும் குழுவில் இருப்பார்கள். ஜெப நேரத்தில் அமைதியாக அமர்ந்திருக்க அவர்களுக்கு உரிமை உண்டு என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். பொறுப்புகளில் மட்டும் குறை வைக்காதீர்கள். இது சமரசம் ஆகாதா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். லூக்கா 19-இல் நிகழ்வுகளின் வரிசையைப் பார்க்கும்படி சொன்னேன். செல்வந்தனான வரி வசூலிப்பவன் சகேயு தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொல்லுமுன்னே, அவன் வீட்டில் தங்கப்போவதாக இயேசு சொல்லிவிடுகிறார்.

படி 6: வேலை கொடுங்கள், பின்னர் அளந்து பாருங்கள்

காலை ஆராதனையில் வேதபாடம் வாசிப்பவர்களின் பெயர்களை ஒரு மாதம் குறித்துவையுங்கள். எங்கள் பட்டியலில் அதே 6 பெயர்கள்தான் சுற்றிச் சுற்றி வந்தன. இப்போது வாரம் ஒரு குழு ஆராதனையை நடத்துகிறது. திக்குவாய் உள்ள ஒரு மாணவன் தோழனோடு சேர்ந்து ஒரே குரலில் வாசித்த காலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அளப்பதற்கு, கேரல் குட்நவ் 1993-இல் வெளியிட்ட பள்ளியோடு சேர்ந்திருக்கும் உணர்வை அளக்கும் 18 கூற்றுகள் கொண்ட அளவுகோல் இருக்கிறது. தொடக்கத்தில் அவ்வளவு வேண்டாம் என்பேன். ‘நாளை நீ வராவிட்டால் யார் கேட்பார்கள்?’ என்ற ஒரே கேள்வியைப் பெயர் எழுதாத தாளில் கேளுங்கள். பருவத் தொடக்கத்திலும் முடிவிலும் வெற்றுத் தாள்களை எண்ணுங்கள்.

பின்சேர்க்கை: இந்த முறையைத் தொடங்கிய ஆசிரியர்கள் சிலர், விடுப்பு எடுத்து வந்த பிள்ளையிடம் ‘ஏன் வரவில்லை?’ என்று தலைவர்கள் கேட்பது விசாரணைபோல ஆகிவிட்டது என்று எழுதியிருந்தார்கள். எங்களுக்கும் அதே சிக்கல் வந்தது. கேள்வியை நிறுத்திவிட்டு, ‘நேற்று உன் இடம் காலியாக இருந்தது, இந்தப் பாடக் குறிப்பை உனக்காக எடுத்து வைத்தேன்’ என்று சொல்லப் பழக்கினோம். காரணத்தைப் பெரும்பாலான பிள்ளைகள் தாமாகவே சொல்லிவிடுகிறார்கள்.